போக வழியில்லாத இரும்பு

ரத்த வங்கியிலிருந்து வரும் ஒரு சிவப்பணுப் பையில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைக்கு அந்தப் பைதான் உயிர். ஏற்றிய மறுநாள் முகம் தெளியும், பிள்ளை ஓடி விளையாடும். இரும்பின் பயணமோ அதன் பிறகுதான் தொடங்குகிறது.

ஏற்றிய சிவப்பணுக்கள் மூப்படைந்து மண்ணீரலில் சிதைகின்றன. அவற்றிலிருந்த இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் சுமந்து திரிகிறது. உடம்பு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பைத்தான் இழக்கும். மிச்சத்தை வெளியேற்ற அதற்கு வழியே கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒரு பை என்றால் ஆண்டுக்கு மூன்றரை கிராம். வளர்ந்த ஒருவரின் உடம்பிலுள்ள மொத்த இரும்பே 3, 4 கிராம்தான்! சுமக்க ஆளில்லாத இரும்பு கல்லீரலில் குவிகிறது, இதயத்தில் படிகிறது, மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியையும் அரிக்கிறது.

இந்தப் பயணத்தில் என்னை மிகவும் வருத்தும் திருப்பம் இதுதான். பிட்யூட்டரி பழுதானால் பருவ வளர்ச்சி நின்றுவிடும். வயது 16 ஆகியும் பூப்பெய்தாத பெண்ணுக்கும் மீசை அரும்பாத பையனுக்கும் மருத்துவர் ஹார்மோன் எழுதித் தருகிறார். எலும்பு வலுவிழக்காமல் இருக்கவும் அது தேவை. விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் மாத்திரை குடலிலிருந்து முதலில் போய்ச் சேருவது கல்லீரலுக்கு. இரும்பு ஏற்கெனவே குடியேறிய அதே இடத்துக்கு.

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்ட 7 பெண்களின் கல்லீரலில் கட்டி இருந்ததை ஜேனட் பாமும் சகாக்களும் 1973இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அடினோமா எனப்படும் இது புற்றுநோய் அல்ல. ஆனால் 5 செ.மீ. தாண்டினால் உடைந்து வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். சில வகைகள் புற்றாகவும் மாறும், ஆண்களிடம் அந்த அபாயம் கூடுதல். ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய்க்கு ஆண் ஹார்மோன் மருந்து எடுத்துக்கொண்டவர்களிடமும் இக்கட்டி வந்திருக்கிறது. இரும்பு மிகுந்த தலசீமியா நோயாளிகளிடமும் அபூர்வமாகப் பதிவாகியுள்ளது.

எம்.ஆர்.ஐ. படத்தில் இரும்பு நிறைந்த கல்லீரல் கறுத்துத் தெரியும். இரும்பு சேராத கட்டி அந்தக் கறுப்புக்கு நடுவே வெளிறி நிற்கும். புற்றும் அப்படித் தெரியலாம் என்பதால், சில சமயம் திசுவை எடுத்துச் சோதித்தே முடிவுக்கு வர முடியும்.

இரும்பு வெளியேற மருத்துவம் ஒரு வழி திறந்திருக்கிறது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்த டெஸ்ஃபெரியாக்ஸமின் 1960களில் பயன்பாட்டுக்கு வந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சிறு பம்ப் மூலம் இரவில் 8 முதல் 12 மணி நேரம் செலுத்துவார்கள். காலையில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அந்த நிறம் இரும்பு வெளியேறுவதன் அடையாளம். இப்போது டெஃபெராசிராக்ஸ் போன்ற மாத்திரைகளும் உண்டு.

தலசீமியா பிள்ளைகளின் பெற்றோரே, இரும்பகற்றும் மருந்தைத் தவறவிடாதீர்கள். கட்டிக்குப் பயந்து ஹார்மோனை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் பெண்ணுக்கு, கல்லீரலை முதலில் தொடாத, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கல்லீரல் ஸ்கேனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.