பண்டிகையும் பந்தியும்

தீபாவளி முடிந்து பத்து நாளாகிறது. தாயில்பட்டியில் இந்த நாட்கள் எப்போதுமே இப்படித்தான். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிச் சத்தம் இல்லை. பட்டாசு ஆபீஸ்கள் பூட்டிக் கிடக்கின்றன. (எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.) வருஷம் முழுக்கத் திரி வைத்தும் சரவெடி பின்னியும் குழாய் சுற்றியும் நாட்டுக்கே பண்டிகை செய்து கொடுத்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். போனஸ் பணம் துணிமணிக்கும் கடனுக்கும் போய்விட்டது. ஆபீஸ் எப்போது திறப்பார்கள் என்பதுதான் பேச்சு.

34 வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த அமைதியான நாட்களில் ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரு பழைய நினைவு வந்துவிடும். அதையும், அந்த நினைவைத் துரத்திக்கொண்டு போய் நான் படித்த கொஞ்சம் வரலாற்றையும் இன்று எழுதுகிறேன்.

1963-ஆம் வருஷம். எனக்குப் பத்து வயது. பக்கத்து ஊர்க் கோயிலில் அசனப் பண்டிகை. அசனம் என்றால் தெற்கத்திக் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு அரிசி, தேங்காய், ஆடு என்று காணிக்கை கொடுத்து, கோயில் வளாகத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. அந்தக் காலத்தில் கறிச்சோறு என்பதே வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். அதனால் எங்களுக்கு அது பெரிய நாள்.

அந்த வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்கு மனப்பாடப் பகுதி உபாகமம் 16-ஆம் அதிகாரத்திலிருந்து கொடுத்திருந்தார்கள். பண்டிகையில் யார் யார் சந்தோஷப்பட வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, நிலமில்லாத லேவியன், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவன், தகப்பனில்லாத பிள்ளை, விதவை. ஒருவரையும் விடாமல் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்துப் பரிசாக ஒரு பென்சில்கூட வாங்கினேன்.

பந்தலில் அப்பத்தாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். விறகு வெட்டியவர்களும், அண்டா சுமந்தவர்களும், மேற்குத் தெருக்காரர்களும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். அவர்களும் அதே சபைதான். ஆனால் அவர்களுக்கு இரண்டாம் பந்தி.

"அப்பத்தா, வேலைக்காரங்களும் நம்மளோட உக்காந்து சாப்புடணும்னுதான படிச்சேன்? அவங்க ஏன் அங்க நிக்காங்க?"

அப்பத்தா இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "வசனத்தக் கோயில்ல சொல்லு. பந்தியில சோத்தத் தின்னு."

தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

பிற்பாடு வரலாறு படித்தவன் என்ற முறையில் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். அதில் எனக்கு முதல் ஆச்சரியம், சந்தோஷப்படு என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருப்பது. திருடாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது போல அதுவும் ஒரு கட்டளை. இரண்டாவது ஆச்சரியம், அந்தக் கட்டளையை ஒரு ஆள் தனியாக நிறைவேற்றவே முடியாது என்பது. பட்டியலில் உள்ள ஒன்பது பேரும் சந்தோஷப்பட்டால்தான் பண்டிகை. இந்தப் பட்டியல் அந்த அதிகாரத்தில் இரண்டு தடவை வருகிறது, வாரங்களின் பண்டிகைக்கு ஒரு தடவை, கூடாரப் பண்டிகைக்கு ஒரு தடவை. நடுவில் ஒரு காரணமும் சொல்லப்படுகிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன், அதை மறக்காதே.

மூன்றாவது ஆச்சரியம், பண்டிகைச் சட்டம் முடிந்த அதே மூச்சில் நியாயாதிபதிகளை நியமிக்கும் சட்டம் தொடங்குவது. லஞ்சம் வாங்காதே, முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்று போகிறது. எபிரேய மூலத்தில் நீதி என்ற சொல்லை அங்கே இரட்டித்துச் சொல்லியிருக்கிறார்கள். நாம் பண்டிகையை ஒரு பக்கமும் கோர்ட்டை ஒரு பக்கமும் வைப்போம். அவர்கள் ஒரே பக்கத்தில் எழுதினார்கள்.

அந்தச் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் வேதாகமத்தில் நீதி என்று வருகிற இடங்களில் எபிரேயத்தில் செதெக், செதாக்கா என்ற சொற்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் யூதர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுப்பதையே செதாக்கா என்று அழைத்தார்கள். நமக்கு இது புதிதில்லை. அறம் என்றால் நேர்மையும்தான், கொடையும்தான். தருமம் என்ற சொல்லும் அப்படியே. வாசலில் வந்து "தருமம் போடுங்க தாயி" என்று கேட்பவர் சலுகை கேட்கவில்லை, தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறார் என்ற எண்ணம் இரண்டு மொழியிலும் இருந்திருக்கிறது.

சட்டம் இருந்தது என்பதற்காக அதன்படி நடந்தார்கள் என்று அர்த்தமில்லை. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் தெக்கோவா என்ற ஊரைச் சேர்ந்த ஆமோஸ் என்ற ஆட்டுக்காரர் வடக்கே பெத்தேலுக்குப் போய்ப் பேசினார். நாடு செழிப்பாக இருந்த காலம். பண்டிகைகளும் பாட்டும் வாத்தியமும் குறைவில்லாமல் நடந்தன. அந்தப் பாட்டைக் கடவுள் கேட்க விரும்பவில்லை, பண்டிகைகளை வெறுக்கிறார், நியாயம் தண்ணீராக ஓடட்டும் என்றார் ஆமோஸ். பாட்டு சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. பாடுகிறவர்கள் ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம், படியைக் குறைத்துத் தராசை எப்படிச் சாய்க்கலாம் என்ற நினைப்போடு கோயிலில் நின்றார்கள். அதுதான் அவருடைய குற்றச்சாட்டு. யாவாரம் நடக்கிற ஊர்க்காரனாகிய எனக்கு அந்த இடம் சுருக்கென்று தைக்கும்.

இதற்கு மறுபக்கமாக நெகேமியாவின் புத்தகம் இருக்கிறது. கி.மு. 445-இல் பாரசீக மன்னரின் அனுமதியோடு எருசலேமுக்கு வந்து மதிலைக் கட்டியவர் நெகேமியா. 8-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் எல்லோரும் கூடி, வேதத்தை வாசிக்கக் கேட்டு அழுகிறார்கள். அழாதீர்கள், போய் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள், ஒன்றும் சமைக்காதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள் தலைவர்கள். பிறகு இலைதழைகளைக் கொண்டு கூடாரம் போட்டுப் பெரிய மகிழ்ச்சியோடு கொண்டாடுகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் 5-ஆம் அதிகாரம் இருக்கிறது. பஞ்சத்தில் நிலத்தை அடமானம் வைத்தவர்களும், பிள்ளைகளை அடிமைகளாக விட்டவர்களும் கூக்குரல் இட்டார்கள். நெகேமியா பணக்காரர்களைக் கூட்டி வைத்து, வட்டியையும் நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சத்தியம் வாங்கினார். கடன் விவகாரம் முன்னால் வருகிறது, பண்டிகை பின்னால் வருகிறது. முன்பணம் வாங்கியதால் ஒரே ஆபீஸில் கட்டுண்டு கிடக்கிற குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, இது தூர தேசத்துப் பழங்கதை என்று நினைக்கலாம். இதே கேள்வி தமிழ்நாட்டில் தஞ்சாவூர்ச் சபையில் 1829-இல் பெரிய சண்டையாகவே வெடித்தது. நடுவில் நின்றவர் எங்கள் தெற்குச் சீமையில் பிறந்தவர், வேதநாயகம் சாஸ்திரியார்.

அவர் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அங்கே பிற்காலத்தில் அரசரான சரபோஜியோடு பழகி வளர்ந்தார். குறவஞ்சி என்ற நம்மூர் வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். கர்நாடக ராகத்திலும் தாளத்திலும் கிறிஸ்தவ வழிபாட்டை அமர்த்தியவர்களில் அவரே முதன்மையானவர். ஜெர்மன் மெட்டில் திக்கித் திணறிப் பாடிக்கொண்டிருந்த சபைகள் சொந்தக் குரலில் பாடக் கற்றுக்கொண்டது அவரால்தான். தமிழ் வேதாகமத்தில் ஆனந்தச் சத்தத்துக்கு 'கெம்பீரம்' என்று ஒரு சொல் வரும். அந்தக் கெம்பீரத்துக்கு அவர் ராகம் கொடுத்தார் என்று சொல்லலாம்.

அப்போது புதிதாக வந்த இளைய மிஷனரிமார் சில மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். சாஸ்திரியார் அவற்றை நான்கு கொடுமைகள் என்று அடுக்கி எழுதினார். வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. ஆராதனையில் சாதி வித்தியாசம் இல்லாமல் கலக்கச் சொல்லி வற்புறுத்துவது இரண்டு. பண்டிகைகளிலும் கல்யாணங்களிலும் பூவை விலக்குவது மூன்று. தமிழ்ப் பாட்டை நிறுத்துவது நான்கு.

இந்தப் பட்டியலை முதலில் படித்தபோது நான் திகைத்துப் போனேன். பூவும் பாட்டும் வேண்டும் என்கிற இடத்தில் நான் முழுக்க அவர் பக்கம். மக்களின் பாட்டைப் பிடுங்கிவிட்டு வழிபடச் சொல்வது என்ன நியாயம்? ஆனால் அதே பட்டியலில், அதே கோபத்தோடு, சேர்ந்து உட்கார மாட்டோம், ஒரே வரிசையில் நற்கருணை வாங்க மாட்டோம் என்பதும் இருக்கிறது. தஞ்சாவூர்க் கோயிலில் வேளாளர் ஒரு பக்கமும் தலித் மக்கள் மறுபக்கமுமாக உட்காருவதுதான் அதுவரை வழக்கம். நற்கருணையிலும் முதல் பந்தி, இரண்டாம் பந்தி இருந்தது.

மிஷனரிமார் சமத்துவம் கேட்டார்கள். அது சரி. ஆனால் ஜனங்களின் மகிழ்ச்சியை அஞ்ஞானம் என்று நினைத்தார்கள். சாஸ்திரியார் மகிழ்ச்சியைக் காத்தார். அது அவர் செய்த பெரிய நன்மை. ஆனால் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அதைப் பங்கிட அவரால் முடியவில்லை. உபாகமம் ஒரே வாக்கியத்தில் கட்டிவைத்ததை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாஸ்திரியாருக்கு மிஷன் வேலை போயிற்று. அரசர் சரபோஜி அவரை ஆதரித்தார். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் ஏராளமானவர்கள் கோயிலுக்கு வருவதையே நிறுத்தினார்கள். சாஸ்திரியார் 1864-இல், தொண்ணூறை நெருங்கிய வயதில் காலமானார்.

தஞ்சாவூரைச் சொல்லிவிட்டு எங்கள் சீமையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. சிவகாசியில் விசுவநாத சுவாமி கோயிலுக்குள் போகும் உரிமையை நாடார்கள் கேட்டதிலிருந்து முற்றிய பகை, 1899 ஜூன் 6-இல் ஊரையே தாக்கிய கலவரமாக முடிந்தது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழையும் வரை அந்தக் கதவு திறக்கவில்லை. வாசலில் நிறுத்தப்பட்ட அந்த மக்களின் வழிவந்தவள்தான் என் அப்பத்தா. அவள் மாமனார் சிவகாசி எரிந்ததைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். எகிப்தில் அடிமையாக இருந்ததை மறக்காதே என்று எழுதி வைத்தவனுக்கு மனுஷனைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. அறுபது வருஷம் போதும், மறந்துவிடுவோம். மதிலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்ததும் செய்த முதல் காரியம், வேறு சிலருக்காக ஒரு மதிலை வைத்துக்கொண்டது.

அப்பத்தாவை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதே சபையில் எட்டு வருஷம் நான் கணக்கு எழுதினேன். அசனக் கணக்கும் என் கையெழுத்தில்தான் இருக்கும். அரிசி இத்தனை மூட்டை, ஆடு இத்தனை, இலை இத்தனைக் கட்டு. இரண்டாம் பந்தியும் தனியாக நடந்துகொண்டுதான் இருந்தது. பத்து வயதில் கேட்ட கேள்வியை நாற்பது வயதில் நான் கேட்கவில்லை. வகுப்பில் வைக்கம் போராட்டம் நடத்திவிட்டு வந்து, சாயங்காலம் அந்தக் கணக்கை எழுதியிருக்கிறேன்.

அது மாறியது என்னால் இல்லை. 1996-இல் மேற்குத் தெரு இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர், தங்கள் பங்கு அரிசியைத் தலையில் சுமந்து வந்து பந்தலில் இறக்கினார்கள். ஆராதனை முடிந்ததும் நேராக வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். சண்டை போடவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு பெரியவர்கள் எழுந்து போனார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டுக்கு முன் வழக்கமாகப் பாடும் பாட்டை யாரோ ஒரு அம்மா எடுத்தார். அது வேதநாயகம் சாஸ்திரியாரின் பாட்டு. மேற்குத் தெருப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம், எங்களைவிட நன்றாகப் பாடினார்கள். தஞ்சாவூரில் இரண்டாகப் பிய்ந்ததை அந்தப் பந்தலில் ஒட்டிப் பார்த்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. ருசி குறைவு என்று சொல்ல மாட்டேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருஷமாகச் சரவெடி பின்னுகிறவர். தீபாவளியன்று அவருடைய பேரன் வெடித்தது ஒரே ஒரு சின்னப் பெட்டி. "விலை கூடிப்போச்சு சார்" என்று சிரித்தார். வேலைக்காரனும் வேலைக்காரியும் என்று அந்தப் பட்டியலில் இருக்கிறதே, அது அவர்தான். ஊரெல்லாம் கொண்டாடிய பண்டிகையில் அவருக்கு எந்தப் பந்தி என்று யோசித்துக்கொண்டே இதை எழுதி முடிக்கிறேன்.