மொறிஸ் மைனரின் பின் ஆசனத்துக்கு ஏன் பட்டி இல்லை?

பாமன்கடையில் இன்னும் சில வீட்டு முற்றங்களில் மொறிஸ் மைனர் நிற்கிறது. கல்யாணம், பெருநாள் என்றால் வெளியே வரும். பின்னுக்கு நாலைந்து பிள்ளைகள் இருப்பார்கள், ஆசனப்பட்டி இருக்காது. ஏன்?

அலெக் இசிகொனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வந்தது. இன்று நாம் போடும் மூன்று முனைப் பட்டியை வொல்வோவின் நில்ஸ் போலின் கொண்டுவந்தது 1959இல். காப்புரிமையை வொல்வோ எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஆனாலும் பின் ஆசனத்தை உலகம் கடைசியாகத்தான் நினைத்தது. பிரித்தானியாவில் முன்னுக்கு இருப்பவர் பட்டி அணிவது 1983இல் சட்டமானது. பின்னுக்கு இருக்கும் பெரியவர்களுக்கு 1991இல். நம் நாட்டில் முன் ஆசனச் சட்டம் வந்ததே 2011இல்.

பட்டி இல்லாமல் பின்னுக்கு இருப்பவர், மோதினால் முன்னுக்கு இருப்பவர் மேல்தான் விழுவார். ஆபத்து இருவருக்கும்.

1960களில் கார் இறக்குமதி இறுகியபோது நம் பாட்டன்மார் இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அந்தக் கைப்பழக்கம் இதற்கும் உதவும். மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டு உடம்புதான் பாரம் தாங்குகிறது. ஆகவே துளை போட்டு போல்ட் முறுக்கினால் போதாது. கறள் இல்லாத இடம் பார்த்து, அடியில் கனத்த இரும்புத் தகடு வைத்துப் பூட்ட வேண்டும். கறள் தின்ற தகடு கிழிந்தால் பட்டி போல்ட்டோடு வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு, பட்டி கழுத்தில் படாமல் உயர்த்தும் ஆசனமும் தேவை.

காரின் பழைய அழகு கெடும் என்பார்கள். கெட்டால் கெடட்டும். அடுத்த பெருநாளுக்கு முன் கராஜில் காட்டுவோம். எத்தனை பட்டியோ, அத்தனை பிள்ளைகள் மட்டும்.