காரும் கார்காலமும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் என்பது நாம் அறிந்ததே. அவற்றுள் கூதிர், முன்பனி, பின்பனி ஆகிய மூன்றும் குளிர்ச்சி மிக்கவை. ஆயினும் அக்குளிர் மேனியை நடுக்குமேயன்றி நீரைக் கல்லாக்குவதில்லை. ஐரோப்பாவின் குளிர்காலமோ குளத்தையும் குழாயையும் ஒருங்கே உறைய வைப்பது. அக்காலம் வருமுன், பழைய விரைவுக் கார்களைக் கொட்டகையில் அடைத்து, நான்கைந்து திங்கள் ஓய்வு கொடுக்கும் வழக்கம் அந்நாடுகளில் நெடுநாளாக உண்டு. அதற்கென முறைகளும் கையேடுகளும் உள்ளன. அவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, பனியே அறியாத ஜொகூரில் அஃது என்ன ஆயிற்று என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

'மகிழுந்து' என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க, தமிழாசிரியன் ஒருவன் 'கார்' என்று எழுதலாமா என அன்பர்கள் வினவக்கூடும். வகுப்பறையில் நானும் மகிழுந்து என்றே கற்பிக்கிறேன். ஆனால் தமிழில் கார் என்பது கரிய முகிலையும், மழையையும், மழைக்குரிய பருவத்தையும் குறிக்கும் பழஞ்சொல். நம் நாட்டில் இந்தக் காருக்கு அந்தக் காரே பெரும்பகை. இப்பொருத்தத்தை இழக்க மனம் வரவில்லை.

1896 நவம்பர் 14-ஆம் நாள், மோட்டார் வண்டிகள் இலண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு அணிவகுத்துச் சென்றன. பழைய சட்டத் தளைகளிலிருந்து மோட்டார் வண்டி அங்கு விடுபட்ட நாள் அது. அதனை நினைவுகூரும் ஓட்டம் 1927-இல் தொடங்கி, நவம்பர்த் திங்களின் முற்பகுதியிலேயே நடந்து வருகிறது. பழைய வண்டி வைத்திருப்போர் பலர்க்கு ஆண்டின் இறுதி ஓட்டம் அதுவே. அக்கால வண்டிகளுக்குத் துணிக்கூரை உண்டு, அல்லது கூரையே இல்லை. எனவே குளிரில் அவற்றை ஓட்டுவது வண்டிக்கு மட்டுமன்றி ஓட்டுவோனுக்கும் தண்டனையாம்.

எனினும் உண்மையான அச்சம் நீரைப் பற்றியது. இயந்திரத்தின் சூட்டைத் தணிக்க அதனைச் சுற்றி நீர் ஓடுகிறது. நீர் பனிக்கட்டியாகும்போது பருமனில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பெருகும். வார்ப்பிரும்பு அதற்கு இடங்கொடாது, பிளந்துவிடும். எத்திலீன் கிளைக்கால் என்னும் உறைதடுப்பு நீர்மம் 1920-களின் பிற்பகுதியில் கடைகளில் பரவும் வரை, நீரோடு ஆல்கஹால் கலப்பர். அல்லது நீரை முற்றும் வடித்துவிடுவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவும் வழக்கம் பெருகியது. அவ்வுப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரித்தது. ஓய்வுக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

ஓய்வு முறைகளுள் சில ஆழ்ந்த அறிவு உடையன. பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றுவது முதற்பணி. வண்டியை மீண்டும் எடுக்கும்போது இதனைச் செய்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஓடிய எண்ணெயில் எரிபொருட் கழிவாகிய அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அவை ஓய்வுக்காலம் முழுதும் உலோகத்தைத் தின்னும். பெட்ரோல் தொட்டியை நிரப்பி வைப்பர். வெற்றிடம் இருப்பின் ஈரக்காற்றுப் புகுந்து நீராகப் படியும். கைப்பிரேக்கை இழுத்து விடார்; சக்கரத்திற்குக் கட்டை கொடுப்பர். இழுத்து விட்டால் பிரேக்குப் பட்டை துருவேறி ஒட்டிக்கொள்ளும். டயர் ஓரிடத்தில் அழுந்தித் தட்டையாகாதிருக்க வண்டியை ஜாக்கியால் தூக்கித் தாங்குகட்டைகளின் மேல் நிறுத்துவர். எலி புகாதவாறு புகைக்குழாயைத் துணியால் அடைப்பர். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிடுவது நன்மை என்று பலர் நம்புகின்றனர். உண்மை அதற்கு மாறானது. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. குழாய் நன்கு சூடேறுமுன் நிறுத்தினால் அந்நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது.

போர்க்காலத்தில் இக்கலை ஒரு நாடு முழுதும் பரவியது. 1942-இன் நடுப்பகுதியில் பிரிட்டனில் தனியார் கார்களுக்கான பொதுப் பெட்ரோல் பங்கீடு நிறுத்தப்பட்டது, 1945-இல்தான் மீண்டது. இடைப்பட்ட காலத்தில் எண்ணற்ற கார்கள் கட்டைகளின் மேல் உறங்கின. அதே 1942-இல் நம் பக்கத்தில் நடந்தது என்ன? சனவரி 31-ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் ஜொகூர் பாலத்தைத் தகர்த்தனர். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே கார்களை உறங்க வைத்தனர். இங்கே போட்டது போட்டபடி விட்டு ஓடினர். எஞ்சிய வண்டிகள் சப்பானியர் காலத்தில் கரிவாயுவால் ஓடின. நம் தோட்டத்து மக்களோ பல்லாயிரவராகச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர். கார்களை எண்ணி வருந்த அன்று யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

குளிர்கால ஓய்வுக்கு ஒப்பாக மலாயாவில் கூறத்தக்கது துரைமாரின் விடுப்புக் காலமாகும். ஐரோப்பியத் துரைமார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட விடுப்பில் தாய்நாடு செல்வர். கப்பற்பயணமும் சேரப் பல திங்கள் கழியும். காரை விற்றுச் சென்றோர் உண்டு. விற்க மனமில்லாதோர் அதனை டிரைவரின் பொறுப்பில் விட்டுச் சென்றனர். ஆங்கிலக் கையேட்டில் பாதி இங்குப் பயனற்றது, மறுபாதி போதாதது.

காரணம் காற்றின் ஈரம். வெர்னன் என்னும் ஆங்கில வேதியியலார் 1920-களிலும் 1930-களிலும் ஆய்வுகள் செய்தார். மாசு கலந்த காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு ஏறத்தாழ 60-ஐத் தாண்டியதும் இரும்பின் துரு திடீரெனப் பெருகுவதை அவர் காட்டினார். ஜொகூரிலோ ஈரப்பதம் பெரும்பாலும் 80-க்கு மேல். இங்கு ஆண்டு முழுதும் துருவின் பருவமே. வெப்பம் மிகுதியாதலின் மின்கலமும் குளிர்நாட்டைவிட விரைவில் தன் ஆற்றலை இழக்கிறது. ஆபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 செய்யப்பெற்ற எம்.ஜி. டி.சி. போன்ற விரைவுக் கார்களின் உடற்கூட்டில் ஆஷ் என்னும் மரச்சட்டங்கள் உண்டு. ஆங்கிலேயன் அம்மரத்திற்கு அஞ்சியது உளுத்தலை மட்டுமே. இங்கே கறையானும் சேர்ந்துகொண்டது. புகைக்குழாயை எலிக்காக அடைத்தால் போதாது. சிறு துளைகளிலெல்லாம் குளவி மண்கூடு கட்டும். காற்றுப் புகாத உறையால் வண்டியை மூடுவதோ ஈரத்தைச் சிறைப்பிடித்துத் துருவுக்கு விருந்து வைப்பதாம். பருத்தித் துணியே தக்கது.

முதியவர் ஒருவர், தம் இளமையில் துரையிடம் டிரைவராக இருந்தவர், இதுபற்றி என்னிடம் கூறியதுண்டு. கொட்டகையின் கதவை வெயில் நாளில் திறந்து வைப்பாராம். மழை தொடங்கினால் மூடுவாராம். இருக்கைக்கு அடியில் தட்டில் சுட்ட சுண்ணாம்புக் கல் வைத்து, அது பொடியானதும் மாற்றுவாராம். இரவில் வண்டிக்குள் ஒரு சிறு விளக்கு எரியும். சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். விளக்கின் சூடு ஈரப்பதத்தைக் குறைக்கும். துரை வீட்டில் துணிக்கும் செருப்புக்கும் பூஞ்சணம் பிடிக்காதிருக்க அலமாரியில் விளக்கெரிப்பதைப் பார்த்துக் கற்றதாக அவர் சொன்னார். ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. மரத்துப் பாலை உறையவைத்து, தகடாக்கி, பூஞ்சணம் பிடிக்காதவாறு புகைக்கூடத்தில் புகையூட்டி உலர்த்திய மக்களிடையே வளர்ந்தவர் அவர். ஈரத்தோடு போராடுவது அவர்க்குப் புதிய பாடமன்று. அப்புகைத் தகடுகளே கடல் கடந்து சென்று டயராகி, அதே கார்களில் மீண்டும் தோட்டத்திற்கு வந்தன.

இங்கிலாந்தில் பியூலி அருங்காட்சியகம் 1952-இல் தொடங்கியது; கோயம்புத்தூரில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பெற்றது. வண்டிகள் பாதுகாப்பாக உள்ளன, மகிழ்ச்சியே. டிரைவர்களின் கைமுறைகளை மட்டும் எவரும் ஏட்டில் ஏற்றவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபின் கேட்டறிய ஆட்களும் அருகிவிட்டனர். தோட்டப்புற மாணவர்களின் பாட்டன்மாருள் டிரைவர் வேலை பார்த்தவர் இன்னும் சிலர் உளர். சுண்ணாம்புத் தட்டை அவர்கள் எப்பெயரால் அழைத்தனர், விளக்கை எங்கே கட்டினர் என்று கேட்டு எழுதிவரச் சொன்னால், கட்டுரைப் பயிற்சியும் ஆகும். நமக்கு வரலாறும் கிட்டும்.

இறுதியாகக் கார்காலத்திற்கு வருவோம். ஜொகூரின் கீழ்ப்பகுதியில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய ஊர்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. தாங்குகட்டையின் ஓரடி உயரம் அத்தகைய வெள்ளத்திற்கு எம்மாத்திரம்? எனவே இங்கு ஓய்வுக்கு விடுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி எண்ணெயைப் பற்றியதன்று. கொட்டகை மேட்டில் உள்ளதா என்பதே. பழைய தோட்டங்கள் பலவற்றில் துரையின் பங்களா மேட்டின் உச்சியில் இருந்தது. கார்க் கொட்டகையும் அதனருகே இருந்ததால் வெள்ளம் அதனைத் தொட்டதில்லை. தொழிலாளரின் லயங்கள் மேட்டின் கீழே, ஆற்றோரத்தில் இருந்தன.