பெயர் தவறு, நோய் உண்மை: குரல்வளை அமிலாய்டின் வரலாறு

"தொண்டை கட்டிக்கிச்சு சார், இன்னிக்கு நீங்களே பாடம் எடுங்க." ஜுருவாகட்டும், வேறு ஊராகட்டும், ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நாள் முழுக்கச் சத்தம் போட்டால் குரல் கம்மத்தான் செய்யும். ஆனால், அரிதாகச் சிலருக்குக் காரணம் வேறு. அமிலாய்டு என்னும் புரதம் குரல்வளையில் படிந்து, குரல்நாண்களைச் சரியாக அதிரவிடாமல் தடுக்கும். இதன் வரலாறு மாணவர்களுக்கும் பயன்படும்.

1854-இல் ஜெர்மன் மருத்துவர் ருடோல்ஃப் விர்க்கோ, மூளைத் திசுவில் கண்ட நுண்ணிய உருண்டைகளை அயோடின் கொண்டு சோதித்தார். நீல நிறம் தோன்றியது. நம் பள்ளி அறிவியல் கூடத்தில் மாவுச்சத்தைக் கண்டறியச் செய்கிறோமே, அதே சோதனைதான்! எனவே, 'மாவுச்சத்து போன்றது' என்ற பொருளில் அமிலாய்டு என்று பெயரிட்டார். 1859-இல் ஃபிரீட்ரிக், கெக்குலே ஆகிய இருவரும் நோயுற்ற உறுப்பில் இருந்த படிவைப் பகுத்தாய்ந்தனர். அது மாவுச்சத்து அல்ல, புரதத்தை ஒத்த பொருள் என்று தெரிந்தது. கருத்து மாறியது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அதே 1854-இல் இன்னொன்றும் நடந்தது. உயிரோடிருப்பவரின் குரல்நாணைப் பார்க்க அதுவரை எளிய வழி இல்லை. மனுவேல் கார்சியா என்பவர், பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். அவர் மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார்! மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. மருத்துவர்கள் அம்முறையைக் கையிலெடுத்தனர். 1870-களில் குரல்வளை அமிலாய்டு பற்றிய குறிப்புகள் மருத்துவ ஏடுகளில் வரத் தொடங்கின.

1922-இல் பென்ஹோல்ட், துணிக்கு ஏற்றும் 'காங்கோ சிவப்பு' சாயம் அமிலாய்டில் ஒட்டுவதைக் கண்டார். சாயமேறிய திசு, முனைவாக்கிய ஒளியில் ஆப்பிள் பச்சையாக மின்னும். இன்றும் சிறு திசுவை எடுத்து இப்படித்தான் நோயை உறுதி செய்கிறார்கள். படிவு குரல்வளையோடு நிற்கிறதா, இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளிலும் உள்ளதா என்றும் பார்ப்பார்கள். குரல்வளையோடு நின்றால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. அறுவையாலோ லேசராலோ அகற்றலாம். மீண்டும் வளரக்கூடும் என்பதால் பல ஆண்டுகள் கண்காணிப்பு தேவை.

மாணவர்களே, ஒரே சோதனையை நம்பி வைத்த பெயர், அடுத்த ஆய்வில் பிழையென்று தெரிந்தது. சான்று மாறினால் முடிவும் மாற வேண்டும். வரலாற்றுக் கட்டுரைக்கும் இதுவே விதி.

ஆசிரியர்களே, நமக்கும் அதே விதிதான். "கத்தினதால வந்தது, தானா சரியாப் போயிரும்" என்பது முதல் ஊகம் மட்டுமே. மூன்று, நான்கு வாரமாகியும் குரல் தெளியவில்லையா? காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நம் தொழிலுக்கு மூலதனமே குரல்தானே!