ஆற்றின் இரு கரைகள்

1937இல் அமெரிக்காவின் ராட்கிளிஃப் மகளிர் கல்லூரி, பணியாளர் மேலாண்மையில் பெண்களுக்கென ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. நாளடைவில் அது வணிக நிர்வாகப் படிப்பாக வளர்ந்தபோது, ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர்களே சார்லஸ் ஆற்றைக் கடந்து வந்து பாடம் நடத்தினார்கள். அதே ஆசிரியர்கள்தாம். ஆனால் அந்தக் கரையில் ஆண்களுக்கு எம்.பி.ஏ. பட்டம், இந்தக் கரையில் பெண்களுக்குச் சான்றிதழ்.

1954இல் மேலாண்மைப் படிப்புக்கான பொதுத் தேர்வு முதன்முதலாக நடந்தது. இன்றைய ஜிமேட் அதுதான். அதை உருவாக்கிய பள்ளிகளுள் ஹார்வர்டும் ஒன்று. தகுதியை எண்ணால் அளக்கும் கோல் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் முழு எம்.பி.ஏ. வகுப்பில் பெண்கள் நுழைய 1963 ஆனது. அறுநூறுக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடுவே எட்டுப் பெண்கள். அதுவரை விண்ணப்பத்தில் ஆண் என்ற ஒன்றே முதல் மதிப்பெண்ணாக இருந்தது. அதை யாரும் சலுகை என்று சொல்லவில்லை.

கோலும் ஒன்றும் அசையாத கல் அல்ல. 1985இல் ஹார்வர்டு அந்தத் தேர்வையே கைவிட்டது. சுமார் பத்தாண்டு கழித்து மறுபடி கேட்டது.

1961இல் அகமதாபாத் ஐஐஎம் தொடங்கியபோது அதற்குத் துணைநின்றது இதே ஹார்வர்டு வணிகப் பள்ளிதான். இங்கே கேட் தேர்வு. கணக்கில் கைதேர்ந்த பொறியியல் பட்டதாரிகளுக்கு, அதாவது பெரும்பாலும் ஆண்களுக்கு, அது வசதியாக அமைந்தது. பல ஐஐஎம்கள் வேலை அனுபவத்தையும் மாதக் கணக்கில் எண்ணி மதிப்பெண் தருகின்றன. வெளியூர் வேலைக்கு வீட்டில் அனுப்பாத பெண்ணின் மாதங்களை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? பெண்களுக்குச் சில மதிப்பெண்கள் கூடுதலாகத் தந்து, 2013இல் கோழிக்கோடு ஐஐஎம் தன் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்களைச் சேர்த்தது. உடனே 'தகுதி என்ன ஆவது' என்ற கூக்குரல் எழுந்தது.

என் பழைய மாணவி ஒருத்தி, ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு முடிந்த கையோடு எனக்குப் போன் செய்தாள். கல்யாணமானால் படிப்பை எப்படித் தொடர்வாய் என்று கேட்டார்களாம்.

"எனக்கு முன்னாடி போன பையன்கிட்ட பணவீக்கத்தைப் பத்திக் கேட்டாங்களாம் மேடம். நான் ராத்திரி முழுக்க அதைத்தான் படிச்சிட்டுப் போனேன்."