பிளஸ்-மைனஸ் (ஐஸ் ஹாக்கி)

ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவர் களத்தில் நிற்கும் நேரத்தில் அவருடைய அணி அடித்த கோல்களுக்கும் விட்ட கோல்களுக்கும் உள்ள வித்தியாசமே பிளஸ்-மைனஸ். 1950களில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி தன் வீரர்களுக்கு இந்தக் கணக்கை வைத்திருந்தது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் (என்.எச்.எல்.) 1967–68 சீசனில் இதை அதிகாரபூர்வப் புள்ளிவிவரமாக்கியது.

அணி கோல் அடித்தால் அப்போது களத்தில் உள்ள ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடும். கோல் விட்டால் ஒன்று குறையும். கோல்கீப்பருக்கு இந்தக் கணக்கு கிடையாது. எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்திருக்க, ஆள் கூடுதலாக உள்ள அணி அடிக்கும் 'பவர் பிளே' கோல் (கிரிக்கெட்டின் பவர் பிளே வேறு) இதில் சேராது. ஆள் குறைந்த அணி அடித்தால் சேரும். பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்து, கூடுதலாக ஓர் ஆட்டக்காரரை இறக்குவது வழக்கம். அப்போது காலி வலையில் விழும் கோலும் சேரும். பயிற்சியாளர் அந்த நேரத்தில் தன் சிறந்த ஆட்டக்காரர்களைத்தான் இறக்குவார். மைனஸும் அவர்கள் தலையில்தான் விழும்.

இக்கணக்கின் அடிப்படைக் குறை, ஐந்து பேர் செய்ததை ஒருவர் பெயரில் எழுதுவது. 1970–71இல் பாஸ்டன் புரூயின்ஸின் பாபி ஓர் பெற்ற +124 இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. அவருக்குத் துணையாகத் தடுப்பாட்டம் ஆடிய டாலஸ் ஸ்மித்தும் அதே சீசனில் 90-ஐத் தாண்டினார். ஓரின் மேதைமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ஸ்மித்தின் எண்ணில் எவ்வளவு ஓருடையது என்பதை இந்தக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுமுனையில் இருப்பவர் பில் மிக்கெல்சன். 1974–75இல் புதிதாக லீக்கில் சேர்ந்த வாஷிங்டன் கேப்பிடல்ஸ், 80 ஆட்டங்களில் 8-இல் மட்டுமே வென்றது. 181 கோல் அடித்து 446 கோல் விட்டது. அந்த அணியில் 59 ஆட்டங்கள் ஆடிய மிக்கெல்சனுக்குக் கிடைத்தது −82. ஒரு சீசனின் மிக மோசமான எண் என்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட இது, உண்மையில் அணியின் நிலையைச் சொல்வதே.

உச்ச நட்சத்திரங்களும் தப்பவில்லை. 1993–94இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு ஆடிய வெய்ன் கிரெட்ஸ்கி 130 புள்ளிகளுடன் (அடித்த கோல்களும் கோலுக்குச் செய்த உதவிகளும் சேர்ந்த எண்ணிக்கை) லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அவருடைய பிளஸ்-மைனஸ் −25. கிங்ஸ் பிளேஆஃப் சுற்றுக்கே போகவில்லை. சான் ஹோசே ஷார்க்ஸின் எரிக் கார்ல்சன் 2022–23இல் 101 புள்ளிகள் எடுத்து, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை வென்றார். அவருடைய எண் −26. வாக்களித்தவர்கள் அதைப் பொருட்படுத்தாதது சரியே.

மாற்றாக வந்தவற்றுள் பரவலானது 'கோர்சி'. பஃபலோ சேபர்ஸின் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயரால் வழங்குவது. கோல்களுக்குப் பதில், இலக்கில் பட்டவை, விலகியவை, தடுக்கப்பட்டவை என எல்லா அடிகளையும் எண்ணுவதால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது. ஆனால் வலைக்கு முன்னால் நின்று அடித்ததையும் தொலைவிலிருந்து வீசியதையும் அது ஒன்றாகவே எண்ணும். கூட ஆடியவர்களின் பங்கையும் பிரிக்காது.

பிளஸ்-மைனஸில் முதலிடம் பெறுபவருக்கு என்.எச்.எல். 1982–83 முதல் விருது வழங்கியது. முதல் விருதைப் பெற்றவர், அப்போது எட்மன்டன் ஆயிலர்ஸில் கிரெட்ஸ்கியுடன் ஆடிய சார்லி ஹடி. 2007–08க்குப் பிறகு விருது நின்றுவிட்டது. எண்ணை மட்டும் லீக் இன்றும் வெளியிடுகிறது.