பட்டுப்புழு போட்ட வேலி

சேக்காட்டில் குடியிருப்பவனுக்கு ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்ற பலகை புதிதல்ல. ஆவடிப் பக்கம் திரும்பினால் ஒரு நீண்ட மதில். மதிலுக்கு ஒரு வாசல். வாசலுக்கு ஒரு காவலாளி. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்ட ஊர் அல்லவா? எந்தச் சீட்டுக்கு எந்த வாசல் திறக்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆகையால் எதிர் வீட்டுப் பையன் ஒரு நாள் விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “ராத்திரி முழுக்க ஜோன் போட்டேன், சார்” என்றபோது, அதுவும் ஏதோ மதில் எழுப்புகிற வேலைதான் என்று எண்ணிக்கொண்டேன். என் ஊகம் அவ்வளவு பிசகில்லை.

அவனுக்கு உத்தியோகம் அம்பத்தூரில். 1964-ல் தோன்றிய அந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் இப்போது ஜன்னல் இல்லாத பெரிய கட்டிடங்கள் எழும்பியிருக்கின்றன. உள்ளே இருப்பவை கம்ப்யூட்டர்களும் அவற்றின் டிஸ்க்குகளும். அவன் சொன்னதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முன்னெல்லாம் ஒவ்வொரு சர்வருக்கும் அதனதன் டிஸ்க் தனித்தனி. (சர்வர் என்றதும் எனக்கு ஓட்டலில் காபி கொண்டுவருபவர் ஞாபகந்தான் வருகிறது, இவரும் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர்தான்.) ஒரு தடித்த கேபிளில் மிஞ்சிப்போனால் 16 சாதனங்களைக் கோக்கலாம், சில மீட்டருக்கு மேல் நீட்ட முடியாது. ஒரு வீட்டுக் குதிரில் நெல் வழியும். அடுத்த வீட்டில் குதிர் காலி. எல்லாருக்கும் பொதுவாக ஒரே களஞ்சியம் வைத்தால் என்ன? 1988-ல் அமெரிக்காவில் அதற்கு வழிசெய்யும் வேலை ஆரம்பமாயிற்று. 1994-ல் ‘ஃபைபர் சானல்’ என்ற பெயரில் அது அங்கீகாரம் பெற்றது. கண்ணாடி இழைக்கென்று வகுத்ததில் செம்புக் கம்பியையும் சேர்க்க நேர்ந்தபோது பெயரை விட மனமில்லை. எனவே ‘ஃபைபர்’ என்பதன் எழுத்துக்கூட்டலை மட்டும் அமெரிக்க வழக்கிலிருந்து ஆங்கிலேயர் வழக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். எண் சாஸ்திரம் பார்த்துப் பெயரில் எழுத்து மாற்றுகிறவர்களை இனி நான் பரிகசிக்கப் போவதில்லை.

1995-ல் கலிபோர்னியாவில் மூவர் கூடி ‘புரோக்கேட்’ என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் குமார் மளவள்ளி. மைசூரில் என்ஜினீயரிங் படித்தவர். புரோக்கேட் என்றால் சரிகைப் பட்டு. 1997-ல் அவர்கள் கொண்டுவந்த ஸ்விட்சுக்குப் பெயர் ‘சில்க்வோர்ம்’, அதாவது பட்டுப்புழு. பல ஸ்விட்சுகளை இணைத்தால் உண்டாகும் வலைக்கு ‘ஃபேப்ரிக்’, துணி, என்று பெயர். விலாசக் கணக்குப்படி அந்தத் துணியில் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் இடம் உண்டு. பதினாறு எங்கே, இது எங்கே!

கஷ்டமும் அங்கேதான் முளைத்தது. பொதுக் களஞ்சியத்தில் எல்லாச் சர்வர்களுக்கும் எல்லா டிஸ்க்குகளும் தெரிந்தன. அந்தக் காலத்து விண்டோஸ் என்.டி.க்கு ஒரு சுபாவம்: கண்ணில் பட்ட டிஸ்க்கெல்லாம் தன்னுடையதென்று நினைத்துத் தன் அடையாளத்தை எழுதிவிடும். பக்கத்துச் சர்வரின் கணக்கு வழக்கு அதிலே இருந்தால் அதோகதிதான். இதில் திருடன் யாரும் இல்லை. யோக்கியமான விருந்தாளிதான், தன் வீடென்று நினைத்து அடுத்த வீட்டுப் பெட்டியைத் திறந்துவிடுகிறான்.

இதற்குப் பரிகாரமாக வந்ததே ஜோன். ஒவ்வொரு சாதனத்துக்கும் பிறவியிலேயே பதினாறு இலக்க முத்திரை எண் ஒன்று உண்டு. இன்ன சர்வரும் இன்ன டிஸ்க் வாசலும் ஒரு ஜோன் என்று அந்த எண்களைக் கொண்டு ஸ்விட்சில் பட்டியல் எழுத வேண்டும். பட்டியலில் சேராதவர் ஒருவருக்கொருவர் இல்லாதவரே. இதில் இரண்டு விதம். மிருதுவான ஜோனில், விலாசம் விசாரித்தால் ஸ்விட்ச் சொல்லாது. பழைய விலாசத்தை ஞாபகம் வைத்திருப்பவன் நேரே போய்க் கதவைத் தட்டலாம். கண்டிப்பான ஜோனில் ஒவ்வொரு தபாலையும் வாசலிலேயே மறித்துத் திருப்பிவிடும். ஒரு ஜோனுக்கு ஒரே சர்வர் என்று வைத்துக்கொள்வது நல்லதென்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள். பட்டியல் நீளும், நீண்டால் என்ன? ஒருவர் வீட்டில் குழப்பம் நேர்ந்தால் மற்றவர் தூக்கம் கெடாது.

பையன் விழித்திருந்த இரவுக்கு வருகிறேன். புதிய சர்வர் ஒன்றுக்காக ஒரே ஒரு ஜோனைச் சேர்த்துப் பட்டியலை அமலாக்கினான். ஆனால் அமலாக்கும்போது பழைய பட்டியல் முழுவதும் போய்ப் புதியது முழுவதும் வந்து உட்காரும். வேறொருவர் எப்போதோ இரண்டு எண்களை அழித்துச் சேமித்துவைத்து, அமலாக்காமல் போயிருந்தார். அந்தத் திருத்தமும் கூடவே உயிர் பெற்றது. ஓடிக்கொண்டிருந்த சர்வர் ஒன்று தன் டிஸ்க் எங்கே என்று அலறியது.

“கை நடுங்கிப் போச்சு சார். பழைய பட்டியலை யாரும் எடுத்து வைக்கவில்லை. பழைய கடிதங்களைத் தோண்டி அந்த இரண்டு எண்களையும் கண்டுபிடிக்க நாற்பது நிமிஷம் ஆச்சு.”

பட்டியலைத் தனியே பிரதி எடுத்துக்கொள்ளாமல் இப்போது அவன் ஸ்விட்ச் பக்கம் விரலை நீட்டுவதில்லையாம்.